சேலத்துப் பரணில் கிடைத்த இசைத்தட்டுகள் யார் செய்தவை?

சேலம் குகைப் பகுதியில் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய கிராமபோன் தட்டுகள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதித் தட்டுகளில் ‘ஓடியன்’ என்ற பெயரோடு ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ், மெட்ராஸ்’ என்றும், வேறு சிலவற்றில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. ‘இதெல்லாம் நம்ம ஊர் கம்பெனி தட்டு’ என்று தாத்தா சொல்வாராம். சேலத்தில் இசைத்தட்டுக் கம்பெனி இருந்ததா, இந்தச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் யாருடையது என்பது உங்கள் கேள்வி. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான். தட்டின் மேல் பெயர் போட்டவரும் தட்டை அச்சடித்தவரும் ஒருவரேதானா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. மைக் செட் தொழிலில் தொடங்கி, பிறகு கேசட் ரெக்கார்டிங் கடை வைத்து, இப்போது பழைய கிராமபோன் பெட்டிகளுக்கு ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பவன். அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை பக்கத்து வீடுகளிலிருந்தும் ஏற்காட்டுப் பங்களாக்களிலிருந்தும் வந்த தட்டுகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். சேலத்தில் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலை இருந்ததில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்த நிறுவனம். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் ஏற்காடு சாலையில் தொடங்கியது. முதல் படம் ‘சதி அகல்யா’ 1937-இல் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் இங்கே இருந்து போனவைதான். இன்றைக்கு அந்த இடத்தில் மிச்சம் இருப்பது நுழைவாயில் வளைவு மட்டும். அந்தப் படங்களின் பாட்டுகளைத் தட்டாக வெளியிட்டவர்கள் வேறு ஆட்கள். லேபிளில் படத்தின் பெயரும் தயாரித்தவர் பெயரும் இருப்பது, எந்தப் படத்துப் பாட்டு என்று வாங்குகிறவருக்குத் தெரியத்தான். அதற்காகத் தாத்தா சொன்னதை முழுக்கத் தப்பு என்று தள்ளவும் வேண்டாம். பாட்டு நம்ம ஊர் ஸ்டுடியோவில் பிறந்தது, தட்டு மட்டும் வெளியூர்ச் சரக்கு.

அந்த வெளியூர் பெரும்பாலும் கல்கத்தா. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் போன்றவர்களைப் பதிவு செய்தார். அப்போது இங்கே பதிவு செய்த மெழுகுத் தட்டு கப்பலில் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போகும், அங்கே தட்டாகித் திரும்பி வரும். 1908-இல் கல்கத்தா சியால்டாவில் அந்தக் கம்பெனி சொந்த ஆலை போட்டது. பிறகு 1920-களின் கடைசியில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம்முக்கு மாறியது. 1931-இல் லண்டனில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் ஒன்றாகி ‘இ.எம்.ஐ.’ ஆனதும், கிராமபோன் கம்பெனித் தட்டுகளின் பெயரான எச்.எம்.வி., கொலம்பியா இரண்டு பெயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. கடையில் வாங்குகிறவர் எச்.எம்.வி. நல்லதா கொலம்பியா நல்லதா என்று வாதம் செய்துகொண்டிருப்பார். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே அழுத்தி எடுத்தவை.

அப்போதைய சின்ன கம்பெனிகளின் நிலைமை இதிலிருந்துதான் புரியும். கல்கத்தாவிலேயே ஹிந்துஸ்தான், மெகாபோன், சேனோலா என்று வங்காளிகள் நடத்திய தனிப் பெயர்கள் 1930-களில் கிளம்பின. ரவீந்திரநாத் தாகூரே ஹிந்துஸ்தான் கம்பெனிக்காகப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் இவர்கள் தட்டுகளை அச்சடித்துக் கொடுத்தது டம்டம் ஆலைதான். அதாவது போட்டிக் கம்பெனியிடமே கூலி கொடுத்து அச்சடிக்க வேண்டும். பம்பாயில் 1935-இல் தொடங்கிய ‘யங் இந்தியா’ மட்டும் வடாலாவில் சொந்த ஆலை வைத்துக்கொண்டு இருபது வருஷம்போலத் தாக்குப் பிடித்தது. ஆலை என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மெழுகில் பதிந்ததற்கு உலோகப் பூச்சு ஏற்றி அச்சு எடுக்க வேண்டும். அப்புறம் அரக்கும் கல்மாவும் கரியும் கலந்த கலவையைச் சூடாக்கி, இரண்டு பக்க அச்சுகளுக்கு நடுவே வைத்து, நீராவியால் சூடேறும் அழுத்து இயந்திரத்தில் நசுக்கி, உடனே தண்ணீர் விட்டுக் குளிர வைத்து எடுக்க வேண்டும். பாட்டுக்காரரையும் கடைக்காரரையும் தெரிந்து வைத்திருக்கும் ஒரு வியாபாரியால் இவ்வளவுக்கும் முதல் போட முடியாது.

இப்போது உங்கள் சரஸ்வதி ஸ்டோர்ஸுக்கு வருகிறேன். அது பின்னாளில் ஏ.வி.எம். என்று ஊரெல்லாம் அறிந்த ஏ.வி. மெய்யப்பன் தம் நண்பர்களோடு சேர்ந்து 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் தொடங்கியது. காரைக்குடியில் அவருடைய அப்பா அவிச்சி செட்டியார் வைத்திருந்த கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்றார்கள். விற்றுக்கொண்டிருந்தவருக்கு, நாமே ஏன் தட்டு போடக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. கூட்டுச் சேர்ந்தது ஜெர்மனியின் ஓடியனோடு. ஓடியன் பெயரும் பதிவு நுட்பமும் அவர்களுடையவை. யாரைப் பாட வைப்பது, எந்தப் பாட்டை எடுப்பது, எந்த ஊர்க் கடைக்கு எத்தனை அனுப்புவது என்பதெல்லாம் மெட்ராஸ் ஆட்களின் பொறுப்பு. தென்னிந்தியாவில் எச்.எம்.வி.க்கும் கொலம்பியாவுக்கும் எதிரே தமிழர்கள் நடத்திய ஒரு சின்ன சுயேச்சை லேபிள் (தன் பெயரில் தட்டு வெளியிடும் கம்பெனி) என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். முழுச் சுயேச்சை இல்லை, முக்கால் சுயேச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முக்காலிலேயே அவர்கள் காட்டிய சாமர்த்தியம் பெரிது. பெரிய கம்பெனிக்காரர்களுக்கு மெட்ராஸ் என்பது பல சந்தைகளில் ஒன்று. இவர்களுக்கு அதுதான் பிழைப்பு. நாடக மேடையில் யாருக்குக் கைதட்டு விழுகிறது, எந்தப் பக்திப் பாட்டு பஜனை மடத்தில் ஓடுகிறது, காங்கிரஸ் கூட்டத்தில் எதைக் கேட்கிறார்கள் என்று தெருவிலிருந்தே தெரிந்துகொள்ள முடிந்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை. அதற்குள் ஒரு கதையைச் சொல்ல முடியாது என்பதால் நாடகத்தையே துண்டு துண்டாக வெட்டிப் பல தட்டுகளில் ‘செட்’டாகப் போட்டு விற்கும் வழக்கம் அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனிகளிலும் நன்றாக ஓடியது. உங்கள் பெட்டியில் ஒரே தலைப்பில் 1, 2, 3 என்று பாகம் போட்ட தட்டுகள் இருந்தால் வரிசை குலையாமல் வையுங்கள். இத்தகைய செட்டுகளில் ஒரு தட்டு உடைந்தால் கதையின் நடுவே ஓட்டை விழுந்துவிடும், ஈடு செய்ய முடியாது.

தட்டில் சம்பாதித்ததை மெய்யப்பன் படத்தில் போட்டார். 1935-இல் ‘அல்லி அர்ஜுனா’, ‘ரத்னாவளி’ இரண்டும் கையைச் சுட்டன. ஆனாலும் விடவில்லை. ‘நந்தகுமார்’ (1938), ‘பூகைலாஸ்’ (1940), ‘சபாபதி’ (1941) என்று ஏறி, 1945-இல் ஏ.வி.எம். புரொடக்‌ஷன்ஸ் பிறந்தது. இசைத்தட்டுக் கடையிலிருந்து ஸ்டுடியோ வந்த கதை அது. சேலத்தில் நடந்தது நேர்மாறு. இங்கே ஸ்டுடியோ முதலில் வந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது, ஆனால் தட்டு வியாபாரம் கடைசிவரை சென்னை, கல்கத்தாக்காரர்கள் கையில்தான் இருந்தது. சுந்தரம் கெட்டிக்கார முதலாளி. தொழிலாளி குடியிருப்பிலிருந்து லேபரட்டரிவரை ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர். அப்படிப்பட்டவரே தட்டு வியாபாரத்தின் பக்கம் போகவில்லை என்றால், அழுத்து இயந்திரம் யாரிடமோ அவர் தயவில்தான் தொழில் ஓடும் என்பதை அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

லேபிள் நடத்தியவர்களுக்கு ஆலையைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு, உரிமை. பாரதியார் பாட்டு விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பாரதியின் பாடல்களை இசைத்தட்டில் பதியவும் ஒலிபரப்பவுமான உரிமை ஒரு கட்டத்தில் சென்னை நகை வியாபாரி ஒருவரிடம் இருந்தது. அவரிடமிருந்து மெய்யப்பன் வாங்கினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்ததற்குப் பின்னால் இந்த வாங்கல் விற்றல் இருக்கிறது. ஒரு தேசியக் கவியின் பாட்டை இன்னொருவர் பாட வேண்டுமானால் கம்பெனியிடம் கேட்க வேண்டுமா என்று பெரிய கிளர்ச்சி எழுந்து, கடைசியில் 1949-இல் மெட்ராஸ் அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டு பிற்பாடு எல்லோருக்கும் பொதுவாக்கியது. உங்கள் பெட்டியில் பாரதி பாட்டுத் தட்டு இருந்தால், லேபிளில் எந்தக் கம்பெனி என்று பாருங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வழக்கே ஒளிந்திருக்கலாம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் படத் தட்டுகளைப் போட்டுக் கேட்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1930, 40-களின் தட்டுகளில் இருப்பது படத்தில் ஓடிய அதே பதிவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படத்துக்கான ஒலி ஸ்டுடியோவில் பிலிமில் பதிவாகும். தட்டுக்காகக் கம்பெனிக்காரர்கள் தனியாகப் பாட வைத்துப் பதிவது அப்போது சகஜம். மூன்று நிமிஷக் கணக்குக்காகச் சரணத்தை வெட்டுவார்கள், வாத்தியம் மாறும், சில சமயம் பாடுகிறவரே மாறிவிடுவார். டேப் புழக்கத்துக்கு வந்து, படத்தின் பதிவையே தட்டுக்கு மாற்றுவது பிறகு வந்த வசதி. ‘மந்திரி குமாரி’ (1950) படத்தின் ‘வாராய் நீ வாராய்’ போல ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது கையில் இருந்தால், படத்தில் வருவதையும் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று காதே சொல்லிவிடும்.

உங்கள் தட்டுகளின் வயதைப் பற்றி. 78 வேகத் தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று) என்றாலே சுதந்திரத்துக்கு முந்தியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேல்நாடுகளில் நின்றுபோன பிறகும் இந்தியாவில் 1960-களில் 78 அச்சடித்தார்கள், பீட்டில்ஸ் பாட்டே இங்கே 78-இல் வந்திருக்கிறது. அதனால் கறுப்பு, கனம், உடையும் என்பதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. பக்கம் ஒன்றில் மட்டும் பாட்டு இருந்து மறுபக்கம் வழுவழுவென்று இருந்தால் அது மிகப் பழசு, அநேகமாக 1910-க்கு முன். 1925-வாக்கில்தான் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. அதற்கு முந்தையவை கொம்புக் குழாய்க்குள் கத்திப் பாடியவை. குரல் முன்னால் நிற்கும், பக்கவாத்தியம் தூரத்தில் கிணற்றுக்குள் இருப்பதுபோல் கேட்கும். நம்ம ஊர் சேலம் கோதாவரி அந்தக் கொம்புக் காலத்துப் பாடகி. ஊர்ப் பெயரைத் தட்டில் சுமந்துகொண்டு முதலில் போனவர்களில் ஒருவர். அவர் பெயர் போட்ட தட்டு ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், மற்றவை எல்லாவற்றையும்விட அதைத்தான் நான் முதலில் பார்க்க ஆசைப்படுவேன்.

அப்புறம் எண்கள். எச்.எம்.வி. தட்டுகளில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண், கொலம்பியாவில் ‘ஜி.இ.’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது விற்பனைப் பட்டியல் எண். அதைவிட நம்பகமானது லேபிளுக்கும் கடைசி வரிக்கும் (முள் ஓடும் பள்ளம்) நடுவே, பாட்டு முடிந்த பின் முள் சும்மா சுற்றும் அந்தப் பளபளப்பான வளையத்தில் அழுத்தியிருக்கும் எண். ஜன்னல் பக்கம் போய்த் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழல் விழுந்து தெரியும். லேபிள் காகிதத்தை மாற்றி ஒட்டலாம், அச்சில் இருக்கும் எண்ணை மாற்ற முடியாது. அதே சமயம் அந்த எண்ணும் பதிவான காலத்தைச் சொல்லுமே தவிர, உங்கள் கையில் இருக்கும் பிரதி அச்சான வருஷத்தைச் சொல்லாது. நன்றாக விற்ற பாட்டை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். லேபிளில் வெள்ளை பெயின்ட்டில் ஏதாவது எண் எழுதியிருந்தால், அது கம்பெனி எண் அல்ல, எங்களைப் போன்ற மைக் செட்காரர் வேலை. கல்யாண வீட்டில் இருட்டில் தேடாமல் எடுக்க அப்படி எழுதுவோம். அந்தத் தட்டுகள் எவ்வளவு ஓடித் தேய்ந்திருக்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

துடைக்கும் அவசரத்தில் இருப்பீர்கள். தயவுசெய்து ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிளாஸ்டிக் எல்.பி.க்கு அது சரி, அரக்குத் தட்டை ஸ்பிரிட் கரைத்துவிடும், ஒரு துடைப்பிலேயே பாட்டு போய்விடும். லேபிள் நனையாமல், சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் மெல்லிய துணியால் வரி போகும் திசையிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள், வெயிலில் அல்ல நிழலில். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் பரணில் படுக்கை வசமாக அடுக்கியிருந்தால் கொஞ்சம் வளைந்திருக்கும். அதை நிமிர்த்த சூடு காட்டுவதெல்லாம் வேண்டாத வேலை. ஏற்காட்டிலிருந்து வரும் தட்டுகளுக்கு வேறு நோய், ஈரத்தில் வெண்பூசணம் பூத்து வரிகளுக்குள் இறங்கியிருக்கும். உங்களுடையவை சமவெளித் தட்டுகள், அந்தக் கவலை குறைவு. செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். கேட்பதற்கு, 78-க்கான அகலமான முள் போட்ட பிளேயர் வேண்டும். எல்.பி. முள் வரியின் அடியில் போய்க் குப்பையைத்தான் வாசிக்கும். சாவி கொடுக்கும் பெட்டியில் போடுவதானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது இரும்பு முள். தட்டில் கலந்திருக்கும் கல்மா முள்ளைத் தேய்த்துத் தன் வரிக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும், ஆகவே பழைய முள் அடுத்த தட்டை அறுத்துவிடும். அரிய தட்டு என்று தோன்றினால் அந்தப் பெட்டியில் போடவே வேண்டாம்.

நிஜமான சுயேச்சைக் கம்பெனிகள் தமிழ்நாட்டில் எப்போது வந்தன என்றால், என் கணக்கில் கேசட்டோடுதான். பிலிப்ஸ் 1963-இல் கொண்டுவந்த அந்தச் சின்னப் பெட்டி இங்கே 1980-களில் வெள்ளமாகப் பாய்ந்தது. ஆலை வேண்டாம், அரக்கு வேண்டாம். நாலைந்து டெக்குகளும் ஒரு அறையும் இருந்தால் ஒருவர் கம்பெனி முதலாளி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு என்று தனிப் பாட்டுக் கேசட், குலதெய்வத்துக்கு ஒரு கேசட், பட்டிமன்றத்துக்கு ஒன்று என்று வந்தன. பெரிய அளவிலும் எக்கோ, சங்கீதா என்று புதுப் பெயர்கள் எச்.எம்.வி.யின் பிடியைத் தளர்த்தின. எங்கள் மாதிரிக் கடைகளில் சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து, ‘ஏ சைடு சோகம், பி சைடு ஜாலி’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள். சட்டப்படி அது குற்றம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால், அந்த உள்ளூர்க் கேசட்டுகள் உங்கள் அரக்குத் தட்டுகளைவிட வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன. நாடா ஒட்டிக்கொள்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, உறையில் யார் பாடியது என்றுகூட எழுதியிருக்காது. பரணில் கேசட் பை ஏதும் கிடந்தால் அதையும் குப்பைக்குப் போடாதீர்கள்.

விலை விஷயத்தில் தட்டைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன், யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். பொதுவாக, நன்றாக விற்ற சினிமாப் பாட்டுத் தட்டுக்குப் பெரிய விலை கிடையாது, ஏனென்றால் நிறைய இருக்கிறது. நாடக செட்டு, மேடைப் பேச்சு, கொம்புக் காலத்துக் குரல், இவற்றுக்குத்தான் தேடி வருவார்கள். விற்கும் எண்ணம் இல்லை, யாருக்காவது பயன்பட வேண்டும் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள், இசைத்தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் ஏற்ற நினைத்தால், நம் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் அவர்கள் காலமான பிறகு 60 வருஷம் தனிக் கணக்கு. 1930-களின் தட்டுக்கும் இந்த இரண்டாவது கணக்கைப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம்.

ஓடியன் தட்டுகளின் லேபிளையும் உள் வளையத்து எண்ணையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள், பிளாஷ் இல்லாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எந்த நாட்டில் அச்சானது என்று இருக்கும். ஜெர்மனியா இந்தியாவா என்பதை வைத்துப் போருக்கு முன்னா பின்னா என்று ஓரளவு பிரித்துத் தர முடியும்.